அறுபதைத் தாண்டியவருக்கு ஒரு தோல் சீட்: புரூக்ஸ் பி67

வேலூரில் விடிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குச் சைக்கிளில் சுற்றுகிற பெரியவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கோட்டை அகழியோரம், பாலாற்றுப் பாலம், பாகாயம் சாலை என்று எங்கே பார்த்தாலும் ஒன்று கண்ணில் படும். அரைமணி ஓட்டியதும் மிதிப்பதை நிறுத்துவார்கள். பெடலில் எழுந்து நின்று, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளித்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். மூச்சு வாங்கவில்லை, முட்டியும் வலிக்கவில்லை. உட்காரும் இடம்தான் எரிகிறது. காலில் தெம்பு இருந்தும், சீட் படுத்துகிற பாட்டால் சைக்கிளைத் திண்ணையோரம் சாத்திவிட்டவர்கள் இந்த ஊரில் குறைவில்லை.

புரூக்ஸ் பி67 என்பது பின்னால் இரண்டு பெரிய ஸ்பிரிங் வைத்த, அகலமான தோல் சீட். முதுகை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை உயரமாக வைத்து ஓட்டுபவர்களுக்காகச் செய்தது. விலை, ஒரு புதுக் கருப்பு டபுள்பார் சைக்கிளின் விலையையே தாண்டும். "சீட்டுக்கா இவ்வளவு?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். தினம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் நிமிர்ந்த நிலையில் ஓட்டுகிறவருக்கு, சைக்கிளுக்குச் செய்யும் செலவில் இதைவிட உருப்படியானது வேறில்லை. கடைக்கும் கோயிலுக்கும் பத்து நிமிஷம் போய் வருகிறவருக்கு இது தேவையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் முழுதும் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

இதில் பஞ்சு இல்லை, ஃபோம் இல்லை, ஜெல் இல்லை. ஏறக்குறைய ஐந்து மி.மீ. கனமுள்ள ஒற்றைத் தோல். பின்பக்க இரும்புத் தகட்டிலிருந்து முன்மூக்கு வரை இழுத்து ரிவெட் அடித்திருக்கிறது. கயிற்றுக் கட்டில் ஆளைத் தாங்குகிற மாதிரிதான் இதுவும் தாங்குகிறது. கட்டிலுக்குக் கால்மாட்டில் கயிற்றை இழுத்து முறுக்குவோமே, அதே வேலைக்கு இங்கே மூக்குக்குக் கீழே ஒரு போல்ட். ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866இல் பர்மிங்காமில் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யத் தொடங்கி, 1882இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 2002 முதல் நிறுவனம் இத்தாலியின் செல்லே ராயல் கையில் இருக்கிறது. ஆனாலும் தோலை இழுத்துக் கட்டும் அந்த அடிப்படை இன்றும் அப்படியே.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்குத் தோலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். இது குரோம் உப்பால் பதனிட்ட குரோம் பதத் தோல் அல்ல, மரப்பட்டையால் பதனிட்ட பட்டைப் பதத் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு இந்த வட்டாரம் ஒரு காலத்தில் சீமைக்குக் கப்பலேற்றியதே, அந்தக் குடும்பத்துச் சரக்கு. குரோம் பதத் தோல் மிருதுவாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும், ஷூ மேல்பாகத்துக்கு அருமை. ஆனால் வார்த்த வடிவத்தில் நிற்காது. பட்டைப் பதத் தோல் ஈரமும் சூடும் எடையும் சேரும்போது அழுந்தி, அழுந்திய வடிவத்திலேயே இறுகிவிடும். ஆளின் எலும்பு எங்கே படுகிறதோ அங்கே இரண்டு பள்ளம் விழுவது அதனால்தான். இந்த சீட்டின் சௌகரியம் முழுதும் அந்த இரண்டு பள்ளத்தில் இருக்கிறது.

மெத்தென்று இருக்கும் சீட் ஏன் வலிக்கிறது?

கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்கு" என்று ஜெல் சீட்டை வாங்கி வருவதுதான் வழக்கம். முதல் பத்து நிமிஷம் அது சுகமாகவும் இருக்கும். உட்காரும்போது உடம்பின் எடை, இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகளில் இறங்க வேண்டும். எடையைத் தாங்குவதற்கென்றே இருக்கும் எலும்பு அது. மெத்தையான சீட்டில் அந்த முண்டுகள் ஃபோமை அழுத்திக்கொண்டு உள்ளே போய்விடுகின்றன. அழுந்திய ஃபோம் நடுவில் மேடாக எழும்பி, இரண்டு முண்டுகளுக்கும் இடையில் உள்ள நரம்பையும் ரத்தக் குழாயையும் நெருக்குகிறது. மரத்துப் போவது அங்கேதான். வயது ஏற ஏறப் பிட்டத்துச் சதை குறைந்துவிடுவதால், இளவட்டம் பொறுத்துக்கொள்ளும் சீட் பெரியவர்களை வாட்டுகிறது. மேலே மாட்டும் ஜெல் உறையும் இதே தப்பைத்தான் செய்கிறது, போதாததற்கு மிதிக்கும்போது வழுக்கி நகரவும் செய்யும்.

தோல் சீட் கடினமாக இருப்பதால் முண்டுகள் மேலேயே நிற்கின்றன. நடுவில் எதுவும் எழும்புவதில்லை. ஆனால் இது நடக்க வேண்டுமானால் சீட்டின் அகலம் எலும்பின் அகலத்துக்குப் பொருந்தியாக வேண்டும். அளக்காமல் வாங்குவதுதான் பலரும் பணத்தை இழக்கும் இடம்.

அளப்பது சுலபம். நெளிவுள்ள அட்டைப்பெட்டியில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, மர முக்காலி மேல் போடுங்கள். மெல்லிய துணியோடு அதன்மேல் நிமிர்ந்து உட்காருங்கள். பாதத்துக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து முட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் எலும்பு நன்றாகப் பதியும். ஒரு நிமிஷம் அசையாமல் இருந்துவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம், அல்லது சுண்ணக்கட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் தேய்க்கலாம், குழி மட்டும் நிறம் ஏறாமல் நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 100 முதல் 140 மி.மீ.க்குள் வரும், பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

முன்பக்கம் குனிந்து ஓட்டுபவர் அந்த அளவோடு 20, 30 மி.மீ. கூட்டிக்கொண்டால் போதும். நிமிர்ந்து ஓட்டுபவர் 50 மி.மீ.க்குக் குறையாமல் கூட்ட வேண்டும். பி67 சுமார் 205 மி.மீ. அகலம் என்பதால் நிமிர்ந்து உட்காருகிற பெரும்பாலோருக்கு இடம் கொடுத்துவிடுகிறது. அகலத்தை அளக்கும்போது பின்பக்கத் தகடும் ரிவெட்டும் இருக்கும் விளிம்பை இரண்டு பக்கமும் கழித்துப் பாருங்கள். எலும்பு அந்த இரும்பு விளிம்பின் மேல் விழுந்தால் ஆயிரம் கி.மீ. ஓட்டினாலும் பழகாது. இதே நிறுவனத்தின் குறுகலான பி17 மாடலை நிமிர்ந்த சைக்கிளில் மாட்டிவிட்டு, "புரூக்ஸெல்லாம் சும்மா பேருதான்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

எந்த மாடல்?

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் பி67. ஹேண்டில்பார் சீட்டைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால், ஆளின் எடை முன்னால் வந்து, அகலமான பின்பக்கம் தொடையின் உட்புறத்தை உரசும். அப்படிப்பட்ட ஹைபிரிட், டூரிங் சைக்கிளுக்கு பி17 சரி. ஏறக்குறைய 170 மி.மீ. அகலம், ஸ்பிரிங் இல்லை, எடையும் குறைவு. பி17க்கு ஸ்பிரிங் வைத்தால் ஃப்ளையர். சேலையோ சுடிதாரோ கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மூக்கு குட்டையான "எஸ்" வகை இருக்கிறது. துணி மாட்டாது, இறங்குவதும் லேசு.

பி66, பி67 இரண்டும் மேலே ஒரே சீட்தான். வித்தியாசம் அடியில். பழைய கருப்பு சைக்கிளில் சீட்டைத் தாங்கும் சீட் பில்லர் என்பது வெறும் குழாய், அதன் மேல்முனை 22.2 மி.மீ., அதாவது 7/8 அங்குலம். அதில் பல் வைத்த கிளிப்போடு மாட்டும்படி வருவது பி66. தலைப்பகுதியில் இரண்டு கம்பியைப் பிடித்து போல்ட் போடும் புதுவகைப் பில்லர் உள்ள சைக்கிளுக்கு பி67. தெரியாமல் மாற்றி வாங்கிவிட்டால் கையில் சீட் இருக்கும், மாட்ட வழி இருக்காது. ஆர்டர் போடுவதற்கு முன் இருக்கிற சீட்டைக் கழற்றி, அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு சைக்கிளில் பி67 போட்டே தீர வேண்டுமென்றால் கிளிப்பைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

மாட்டுத் தோல் வேண்டாம் என்பவர்களுக்கு இதே நிறுவனத்தின் சி17 உண்டு. இயற்கை ரப்பர் அடி, மேலே துணி. ஏறக்குறைய 160 மி.மீ. அகலம்தான் என்பதால் நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் குறுகல். நிமிர்ந்தவர்களுக்கு அதைவிட அகலமான சி19ஐப் பார்க்கலாம். மழையில் நனைந்தாலும் கவலையில்லை, மெழுகு பூச வேண்டாம், முதல் நாளே உட்காரலாம். ஆனால் அந்த இரண்டு பள்ளம் விழாது, ஸ்பிரிங்கும் கிடையாது. பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம்.

மாட்டும்போது

மற்ற சீட்டை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துவோம். தோல் சீட்டை அப்படி வைத்தால் தப்பு. உட்கார்ந்ததும் நடுப்பகுதி தாழ்ந்து, ஆள் முன்னால் சரிவார், உள்ளங்கையில் பாரம் ஏறி விரல் மரக்கும். மூக்கைச் சற்றே தூக்கி வையுங்கள். ரசமட்டத்தைப் பின் விளிம்பிலிருந்து மூக்கு நுனி வரை நீளவாக்கில் வைத்தால் குமிழி மூக்குப் பக்கம் ஒரு கோடு நகர்ந்து நிற்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். ஓட்டிப் பார்த்து, முன்னால் வழுக்கினால் இன்னும் கொஞ்சம் தூக்குங்கள், அடிவயிற்றில் அழுத்தினால் இறக்குங்கள்.

போல்ட் வகைப் பில்லரில் இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சுலபமாகக் கொண்டுவரலாம். கிளிப் வகையில் பல் ஒன்று தாண்டினாலே கோணம் நிறைய மாறிவிடும், நினைத்த இடத்தில் நிற்காது. இரண்டு பக்க நட்டையும் முழுதாகத் தளர்த்தி, பல்லைச் சுத்தம் செய்து, சரியான பல்லில் உட்காரவைத்து, 13 அல்லது 14ஆம் நம்பர் ஸ்பானரால் இடம் ஒருமுறை வலம் ஒருமுறை என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் மறுபக்கப் பல் சரியாகக் கவ்வாமல் தேய்ந்துபோகும். அப்புறம் ஒரு வேகத்தடையில் சீட் திடீரென்று பின்னால் கவிழும். வயதானவர்களுக்கு அந்த விழுகைதான் ஆபத்து. முதல் 50 கி.மீ. ஓட்டியதும் இன்னொரு தடவை இறுக்குவதை மறக்க வேண்டாம்.

கிளிப்பின் போல்ட் வழக்கமாகப் பில்லருக்குப் பின்னால் இருக்கும். ஹேண்டில்பார் எட்டவில்லை, முதுகு வளைகிறது என்றால் கிளிப்பைத் திருப்பி, போல்ட் முன்னால் வரும்படி மாட்டிப் பாருங்கள். சீட் ஓர் அங்குலத்துக்கு மேல் முன்னால் வரும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைப் புதிதாக வாங்கும் செலவு மிச்சம்.

உயரத்தைப் பொறுத்தவரை, ஸ்பிரிங் அழுந்துவதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். ஆகவே சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் அதிகம். பி67 பழைய ரெக்சின் சீட்டைவிட உயரமாக இருக்கலாம் என்பதால், மாட்டியதும் பில்லரை இறக்க வேண்டிவரும். எப்படியும் பில்லர் ஃபிரேமுக்குள் இரண்டரை அங்குலமாவது இருக்க வேண்டும். நிறுத்தும்போது இரு பக்க முன்பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், முட்டிக்காக ஒரு அரை அங்குலம் விட்டுக்கொடுங்கள். பெருவிரலும் அதையொட்டிய பகுதியும் பட்டால் போதும்.

பழகும் காலமும் வெள்ளை வேட்டியும்

முதல் நாள் மரப்பலகையில் உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். ஆளின் எடையைப் பொறுத்து முந்நூறிலிருந்து எண்ணூறு கி.மீ. வரை பிடிக்கும். தினம் பத்து கி.மீ. ஓட்டுபவருக்கு ஒன்றிலிருந்து இரண்டரை மாதம். கோட்டையைச் சுற்றி வருவது, பாகாயம் போய்த் திரும்புவது என்று முதலில் அரைமணிக்குள் வைத்துக்கொண்டு, எலும்பு படும் இடத்தில் தோல் பளபளப்பு ஏறத் தொடங்கியதும் தூரத்தைக் கூட்டுங்கள். புது சீட்டோடு எடுத்த எடுப்பில் ஆற்காடு வரை போனால் திரும்பி வர பஸ் தேட வேண்டியிருக்கும்.

சீக்கிரம் பழக வேண்டும் என்று தண்ணீரில் ஊற வைப்பது, தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் தடவுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவிய பழக்கம் அது. செருப்புக்குச் சரி, சீட்டுக்கு விஷம். எண்ணெய் நாருக்குள் இறங்கித் தோலைத் தளர்த்திவிடும். இரண்டு மாதத்தில் சீட் தூளி மாதிரி தொங்கும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் இழுவை நிற்காது.

எதிர்பாராத தொல்லை ஒன்று உண்டு. சாயம். கருப்பு, பழுப்பு இரண்டும் முதல் சில வாரம் வியர்வை பட்டால் துணியில் ஏறும். வெள்ளை வேட்டியில் ஏறிய கறை லேசில் போகாது. தேன் நிறத்தில் சாயம் குறைவு என்றாலும் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதம் கருந்துணிப் பேன்ட்டோ, கைலியோ கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். மெழுகு பூசிய பிறகு வெள்ளைப் பருத்தித் துணியால் தேய்த்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறுவது நின்ற பிறகு வேட்டி கட்டலாம். மடித்துக் கட்டிய வேட்டியின் மடிப்பு எலும்புக்கு அடியில் வந்தால் அதுவே புண்ணாக்கும், பக்கத்துக்குத் தள்ளிவிட்டு உட்காருங்கள். ஜீன்ஸ் பேன்ட்டின் நடுத் தையலும் அப்படித்தான். பின்னால் தொங்கும் துணி ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் போய்க் கவ்வுவதும் உண்டு. வேகத்தடையில் அழுந்தி மீளும்போது துணி கிழியும். வேட்டி முனையைத் தூக்கிச் செருகிக்கொள்வது நல்லது.

வெயில், வியர்வை, மழை

இந்த சீட் குளிர் நாட்டில் பிறந்தது. வேலூர் வெயில் அதற்குப் புதிது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரில் நண்பகல் முழுதும் நிறுத்தி வைத்தால் தோல் காய்ந்து, மூக்கு ரிவெட்டைச் சுற்றி நுண்வெடிப்பு விழத் தொடங்கும். மேலோட்டமான கோடுகளால் பயமில்லை. நகம் இறங்கும் அளவுக்கு வெடித்தால் அந்த இடம் ஒருநாள் கிழியும்.

மெழுகு பூசுவதுதான் இதற்கு மருந்து. நிறுவனமே புரூஃபைட் என்று ஒரு சிறு டப்பா விற்கிறது. மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது. புது சீட்டுக்கு முதலில் அடிப்பக்கம் தாராளமாக, மேல்பக்கம் சுண்டைக்காய் அளவு எடுத்து விரல் நுனியால் மெல்லியதாகப் பரப்புங்கள். இரவு முழுதும் விட்டுவிட்டுக் காலையில் பனியன் துணியால் பளபளக்கத் தேய்த்துத் துடையுங்கள். பழகும் காலத்தில் மூன்று தடவை, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. அவற்றில் ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, மார்கழி முடிந்ததும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்கு மறக்காது. அதிகம் பூசுவதும் எண்ணெய் தடவிய கதைதான். கோடையில் மெழுகு இளகித் துணியில் ஒட்டும். பூசிய சீட்டைத் தெருநாய் எட்டும் இடத்தில் விட வேண்டாம். கொழுப்பு வாசனைக்குக் கடித்துக் குதறிவிடும்.

வியர்வையின் உப்பு படிந்து வெள்ளைப் பூத்தால் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒருமுறை துடைத்துவிட்டு நிழலில் உலரவிடுங்கள். சோப்பு வேண்டாம்.

மழை வந்தால் ஒரு பாலித்தீன் பையைச் சீட்டின் மேல் கவிழ்த்து நுனியைக் கட்டிவிடுங்கள். மழை விட்டதும் பையை எடுத்துவிட வேண்டும், வெயிலில் பைக்குள் புழுங்கினால் பூஞ்சை பிடிக்கும். மேலிருந்து பெய்யும் மழையைவிட, பின்சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர்தான் தோலை அதிகம் கெடுக்கிறது. அது அடிப்பக்கத்தில் நேராகப் படுகிறது. முழு மட்கார்டு உள்ள கருப்பு சைக்கிள் இதில் பாதுகாப்பானது. மட்கார்டு இல்லாத எம்.டி.பி. எனும் மலைச் சைக்கிளில் இந்த சீட்டை மாட்டாதீர்கள். தவறி முழுதும் நனைந்துவிட்டால் அதன்மேல் உட்காரவே கூடாது. ஈரத் தோல் எடைக்கு இழுபடும், இழுபட்டது மீளாது. நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் காயட்டும். காய்ந்ததும் மெழுகு.

முறுக்கும் போல்ட்

மூக்குக்கு அடியில் இருக்கும் நட்டு, கையில் சாவி கிடைத்துவிட்டதே என்று வாராவாரம் திருப்புவதற்கல்ல. முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். அதன் பிறகு, உட்கார்ந்து எழுந்த சீட்டின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக இணங்கினால் சரி. உட்காரும்போது நடு தொய்ந்து, மூக்கு அடித்தொடையில் முட்டுவதாகத் தெரிந்தால் கால் சுற்று முறுக்குங்கள். நூறு கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேவையானால் இன்னொரு கால் சுற்று. ஒரே மூச்சில் மூன்று நான்கு சுற்று முறுக்கினால் மூக்கு ரிவெட் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். அதைச் சரிசெய்வது அநேகமாக முடியாது.

வருஷங்கள் ஓடிய சீட்டில் முறுக்கியும் தொய்வு போகாமல், இரண்டு பக்க மடலும் வெளியே விரிந்து தொடையை உரசும். அந்த நிலையில் முறுக்குவதை விட்டுவிட்டு, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரு மடலிலும் கீழ் விளிம்பிலிருந்து அரை அங்குலம் மேலே, நேருக்கு நேராக நான்கைந்து துளை போடச் சொல்லுங்கள். ஷூ லேஸை அடிவழியாகக் கோர்த்து, மடல்கள் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டினால் தொய்வு அடங்கிவிடும். கட்டிய சீட் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஓட்டத்தில் எப்படி?

விரிஞ்சிபுரம் போய் வருவது, ஏறக்குறைய முப்பது கி.மீ., இந்த சீட்டை எடைபோட நல்ல பாதை. பாலம், வேகத்தடை, சர்வீஸ் ரோட்டுக் குழி, ஊருக்குள் சிமென்ட் சாலை எல்லாம் அதில் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை, வண்டிகள் நெருக்கும், அந்த நாளைத் தவிர்க்கலாம். பாலத்து இணைப்புகளில் ரெக்சின் சீட் முதுகுத்தண்டில் "டொக்" என்று குத்தும். பி67இன் ஸ்பிரிங் அதை ஒரு மெல்லிய ஆட்டமாக மாற்றிவிடுகிறது. இடுப்பு வலிக்காரர்களுக்கு இதுதான் பெரிய ஆதாயம். மதிலழகுக்குப் பேர்போன அந்தக் கோயிலடியில் இறங்கி ஒரு டீ குடிக்கும்போது, நெளிய வேண்டிய தேவை இல்லாமல் நிமிர்ந்து நிற்க முடிகிறது என்றால் சீட் பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

குறைகளும் உண்டு. ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்த ஆளுக்கு ஸ்பிரிங் கடினம், அது அசையாது, எடை மட்டும் கூடும். சீட் மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டுகிறது. மேடேறும்போது வேகமாக மிதித்தால் மேலும் கீழும் ஆடும். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் இது பொருட்டல்ல, ஏலகிரியின் பதினான்கு கொண்டைஊசி வளைவில் எரிச்சலூட்டும். சில மாதம் கழிந்ததும் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். ஸ்பிரிங் முனை இரும்பில் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய், குச்சி நுனியில் எடுத்து வைத்தால் அடங்கும். எண்ணெய்க் கேனை அப்படியே சாய்த்தால் தோலில் படும்.

பதினைந்து நிமிஷத்துக்குள் மரத்துப் போவது, ஓட்டி முடித்து வெகுநேரம் ஆகியும் உணர்ச்சி திரும்பாமை, சிறுநீர் போவதில் சிரமம் இதெல்லாம் சீட் பழகாததன் அடையாளம் அல்ல. ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூலம், புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களும் கேட்டுவிட்டே ஏற வேண்டும்.

பழைய பிரேம் கையில் இருந்தால்

புதிது வாங்க மனம் வராதவர்களுக்கு ஒரு வழி. பழைய இரும்புக் கடைகளில் தோல் போன ஸ்பிரிங் சீட்டின் பிரேம் கிடைக்கும். மூக்கு போல்ட்டில் மரை நன்றாக இருக்கிறதா, பின்தகட்டில் விரிசல் இல்லையா என்று பார்த்து எடுங்கள். தோல், பட்டைப் பதத்தில், முதுகுப் பக்கத்து வெட்டு, ஐந்து மி.மீ. கனம். வயிற்றுப் பக்கத் தோல் விலை குறைவு, ஆனால் இழுபடும். ஷூவுக்கான குரோம் தோலை யாராவது நீட்டினால் வெட்டு முனையைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் வேண்டாம். சிறு துணுக்கைக் கொளுத்தினால் குரோம் தோலின் சாம்பல் பச்சை படரும்.

காகிதத்தில் மாதிரி வெட்டி, முதுகெலும்பு வாட்டம் சீட்டின் நீளத்தோடு போகும்படி வெட்ட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில், குமிழி வருவது நிற்கும் வரை, சுமார் அரைமணி ஊறட்டும். எடுத்து, மேற்பரப்பின் நிறம் வெளுக்கத் தொடங்கும்போது மரக்கட்டையில் செதுக்கிய அச்சின் மேல் போட்டு அழுத்தி, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுங்கள். நிழலில் மூன்று நாள். காய்ந்ததும் மூக்குத் துண்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவைத்துக்கொண்டு, முதலில் பின்தகட்டிலும் பிறகு மூக்கிலும் செம்பு ரிவெட் அடிக்க வேண்டும். மூக்கைப் பின்னால் தள்ளாமல் அடித்துவிட்டால், நாளைக்கு முறுக்க போல்ட்டில் இடமே இருக்காது. கைவேலை தெரிந்த செருப்புத் தொழிலாளி ஒருவரும் சைக்கிள் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்தால் முடிகிற வேலைதான். விளிம்பை இழைத்து மெழுகு தேய்க்காமல் விட்டால் தொடை தேயும், அதை மட்டும் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திருட்டு. இந்த சீட்டின் விலை தெரிந்தவர்கள் கண்ணுக்கு இது தனியாகத் தெரியும். சீட் பில்லரில் கையால் திறக்கும் குயிக் ரிலீஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் போல்ட் போடுங்கள். ஆலன் கீ போகும் குழிக்குள் ஒரு பேரிங் குண்டை அமுக்கி, மேலே எம்சீல் அப்பிவிட்டால் சாவி உள்ளே போகாது. தேவைப்படும்போது குத்தி எடுத்துக்கொள்ளலாம். பழைய செயினை ஒரு முழம் வெட்டி, ட்யூபுக்குள் நுழைத்து, சீட்டின் அடிக்கம்பியையும் ஃபிரேமின் பின் முக்கோணத்தையும் சேர்த்துச் சுற்றி, இரு முனையையும் செயின் ஆணியால் இணைத்துவிட்டால் செயின் கட்டர் இல்லாமல் கழற்ற முடியாது. ட்யூப் இருப்பதால் பெயின்டும் உரியாது.